டிரைமெட்டாசிடின் அடைப்பைக் கரைக்குமா?

பிப்ரவரி 4, 2024 – கேள்வி

அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் ஆஞ்சியோ செய்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. சின்னக் குழாய்கள் என்பதால் ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற மாத்திரைகளோடு டிரைமெட்டாசிடின் 35, காலையும் இரவும். மெடிக்கலில் கேட்டால் "இது ஹார்ட்டுக்கு வைட்டமின் மாதிரி, அடைப்பைக் கரைச்சுடும்" என்கிறார். உண்மையா? கரைக்கும் என்றால் எத்தனை மாதத்தில்? செலவைப் பார்த்து இதை மட்டும் விட்டுவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

பிப்ரவரி 4, இரவு

கரைக்காது. வைட்டமினும் இல்லை. இருபது வருடமாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த "வைட்டமின் மாதிரி" பேச்சைப் பல கவுன்டரில் கேட்டிருக்கிறேன். அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுவலிக்குத் தரும் பழைய மாத்திரைகள் இரண்டு வழியில் வேலை செய்யும். நைட்ரேட் வகை ரத்தக்குழாயைத் தளர்த்தும். மெட்டோபிரோலால் வகை துடிப்பைக் குறைத்து இதயத்தின் வேலையையே குறைக்கும். டிரைமெட்டாசிடின் இந்த இரண்டு பக்கமும் போவதில்லை. போட்ட பிறகு நாடியைப் பாருங்கள், பி.பி. பாருங்கள், மாறியிருக்காது. அது தசை செல்லுக்குள் போய், எதை எரித்துச் சக்தி எடுப்பது என்பதில் கைவைக்கிறது.

இதயத்துக்குச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. சுமார் 300 கிராம் எடையுள்ள அந்தத் தசை ஒரு நாளில் ஏறக்குறைய 6 கிலோ ஏ.டி.பி.யை (செல்கள் சக்திக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு) உண்டாக்கி, அன்றன்றைக்கே செலவழித்துவிடுகிறது. கையிருப்பு சில நொடிக்குத்தான் வரும். சாதாரண நேரத்தில் அதன் சக்தியில் பெரும்பங்கு கொழுப்பு அமிலத்திலிருந்து வருகிறது, மிச்சம் குளுக்கோஸிலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும். ரத்தம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும். அப்போது குளுக்கோஸ்தான் லாபம், கொழுப்பில் சக்தி குறைவு. மாத்திரை கொழுப்பு எரிவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக் குளுக்கோஸ் பக்கம் தள்ளுகிறது.

நெஞ்சு பிடிக்கிற நேரத்தில் இதைப் போட்டுப் பயனில்லை. அதற்கு நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட்தான். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது "இது இன்னும் வேண்டுமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "கொழுப்பில் சக்தி குறைவு" என்றேன், அது தவறு. கொழுப்பில்தான் சக்தி அதிகம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சுமார் 31 ஏ.டி.பி. தரும், பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு 106 தரும். கணக்கை ஆக்சிஜனை வைத்துப் போட வேண்டும். அந்த 106-ஐ எடுக்க 23 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும், குளுக்கோஸுக்கு 6 போதும். ஓர் ஆக்சிஜனுக்கு எவ்வளவு என்று வகுத்தால் கொழுப்பில் 4.6, குளுக்கோஸில் சுமார் 5.2. பத்துப் பன்னிரண்டு சதவீத வித்தியாசம்.

ரேஷனில் அரிசி தாராளமாகக் கிடைக்கிற வீட்டில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அளந்து போடுகிற மாதத்தில்தான் ஒரு படிக்கு எத்தனை பேர் சாப்பிடலாம் என்ற கணக்கு வரும். அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தசைக்கு எல்லா மாதமும் அளந்து போடுகிற மாதம்.

பிப்ரவரி 6

பன்னிரண்டு சதவீதத்துக்காகவா ஒரு மாத்திரை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பார்வையில் அந்தப் பன்னிரண்டு சதவீதம் கதையின் சின்னப் பாதி. பெரிய பாதி, எரியாமல் மிச்சம் நிற்பது.

குளுக்கோஸ் இரண்டு கட்டமாக எரிகிறது. முதல் கட்டம் செல்லின் திரவத்தில், ஆக்சிஜன் இல்லாமலேயே நடக்கும். பைருவேட் வரை வந்துவிடும். இரண்டாம் கட்டம் செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள். அங்கே நுழைய ஒரு வாசல் உண்டு, பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. உள்ளே ஏற்கெனவே கொழுப்பு எரிந்துகொண்டிருந்தால், அதில் வரும் பொருள்களே இந்த வாசலைச் சாத்திவிடும். ஒரு எரிபொருள் இன்னொன்றைத் தடுக்கும் இந்தப் போட்டியை ஃபிலிப் ராண்டில் என்ற உயிர்வேதியியலாளர் 1963-லேயே எழுதிவிட்டார்.

வாசல் சாத்திக்கிடந்தால் பைருவேட் லாக்டேட்டாக மாறும், கூடவே செல்லில் அமிலம் சேரும். அமிலத்தை வெளியே தள்ள செல் சோடியத்தை உள்ளே இழுக்கிறது. சோடியத்தை வெளியே தள்ள கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. கால்சியம் கூடிப்போனால் தசை சுருங்கும், தளராது. இத்தனை பம்புகளையும் ஓட்ட ஏ.டி.பி. வேண்டும். ஆக, உண்டாகிற கொஞ்சம் சக்தியும் ரத்தத்தைத் தள்ளப் போகாமல் செல்லைத் துப்புரவு செய்யவே போய்விடுகிறது.

அடைப்பைத் திறந்த பிறகும் இது உடனே சரியாவதில்லை. மாரடைப்பின் பதற்றத்தில் அட்ரினலின் ஏறியிருக்கும், அது உடம்பின் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். ரத்தம் உறையாமலிருக்க நாம் போடும் ஹெப்பரின்கூட ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தை ஏற்றும். ஆக்சிஜன் திரும்பி வந்ததும் முதலில் வேகமெடுப்பது கொழுப்பு எரிவதுதான், வாசல் இன்னும் இறுகும். "ஆஞ்சியோ நல்லா முடிஞ்சுது, ஆனா ஹார்ட் சரியா பம்ப் பண்ணல" என்று கேட்டிருப்பீர்கள். காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

டிரைமெட்டாசிடின் கொழுப்பு எரியும் வரிசையில் கடைசி நொதியான நீள்சங்கிலி 3-கீட்டோஅசைல் கோ-ஏ தயோலேஸைத் தடுக்கிறது என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரி லோப்பாஷுக் குழு 2000-இல் காட்டியது. கொழுப்பு குறைந்தால் வாசல் திறக்கும், பைருவேட் உள்ளே போகும், அமிலம் குறையும். 2003-இல் இன்னொரு குழு, இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை இந்த நொதி வழியாக வருவதில்லை என்று மறுத்தது. லோப்பாஷுக் தரப்பு பதில் எழுதியது. ஐரோப்பாவில் 1970-களிலிருந்து புழங்கும் மருந்தின் பூட்டும் சாவியும் 2003-இலும் விவாதத்தில் இருந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

பிப்ரவரி 8

"அப்போ சர்க்கரை சாப்பிட்டா இதயத்துக்கு நல்லதா?"

வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் குளுக்கோஸுக்குப் பஞ்சம் இல்லை, தடை அந்த வாசலில் இருக்கிறது. சர்க்கரை நோயாளியைப் பாருங்கள். ரத்தம் முழுக்கக் குளுக்கோஸ் ஓடும், அவருடைய இதயமோ மற்றவர்களைவிட அதிகமாகக் கொழுப்பையே எரிக்கும். வாசலுக்கு வெளியே மூட்டையை அடுக்கினால் உள்ளே பசி தீராது. கருப்பட்டி, தேன் என்று கேட்ட மூன்று பேருக்கும் இதே பதில்.

பிப்ரவரி 11

வலியேவா விவகாரத்தில் வந்தது இதுவா என்று கேட்டவருக்கு: ஆமாம், ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரத்தில் வந்தது இதே மருந்துதான். 2021 டிசம்பர் 25 அன்று எடுத்த மாதிரியில் இருந்தது. அப்போது அவளுக்கு 15 வயது. தாத்தாவின் இதய மாத்திரை எப்படியோ கலந்துவிட்டது என்பது அவள் தரப்பு. போன மாதம் 29-ஆம் தேதி விளையாட்டு நடுவர் மன்றம் நான்கு வருடத் தடை விதித்தது. சீன நீச்சல் வீரர் சுன் யாங் 2014-இல் இதற்காகவே மூன்று மாதம் விலக்கப்பட்டார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை முதலில் இதை ஊக்கிகள் பட்டியலில் வைத்தது, பிறகு வளர்சிதைமாற்ற மருந்துகளுக்கு மாற்றியது. ஆரோக்கியமான இதயத்துக்கு இதனால் வேகம் வருமா என்பது வேறு கேள்வி. உங்கள் பையன் மாவட்ட அளவில் ஓடுகிறவன் என்றால், தாத்தாவின் மாத்திரை டப்பா தனியாக இருக்கட்டும். அது போதும்.

பிப்ரவரி 18

ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். இந்த இழையைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 2018-இல் ஸ்டென்ட் வைத்தோம். சின்ன அடைப்பு ஒன்று மிச்சம் இருந்தது. அதற்காக டிரைமெட்டாசிடின் 35, இரண்டு வேளை. வலி குறைந்தது, மாடி ஏறினார்கள், எல்லோருக்கும் நிம்மதி. மாதாமாதம் அட்டையை எடுத்து வந்தவன் நான்தான்.

அம்மா சாயங்காலம் பூ தொடுப்பார்கள். இடது கை விரலிடுக்கில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, வலது கை வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கும். கண்ணை டி.வி.யில் வைத்துக்கொண்டே ஐந்து முழம் தொடுத்துவிடுவார்கள். 2022 ஆடி மாதம் போல, முடிச்சு தளர ஆரம்பித்தது. சரத்தைத் தூக்கினால் நடுவில் மொட்டு உதிரும். "நார் சரியா நனையல" என்றார்கள். பிறகு டபராவில் டம்ளர் லேசாகத் தட்டுகிற சத்தம், காபி ஆற்றும்போது மட்டும். வயசு என்று நினைத்தோம்.

நடை சின்னதாயிற்று. நடக்கும்போது வலது கை வீசவில்லை. போன அக்டோபரில் பென்ஷன் எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பழைய பாஸ்புக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2018 கையெழுத்து கோடு முழுக்க ஓடியது. இப்போதையது பாதிக் கோட்டுக்குள், கடைசி எழுத்துகள் எறும்பு மாதிரி.

முதலில் பார்த்த டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அதையும் கொடுத்தோம். வாந்தி, தலைசுற்றல்.

ஜனவரியில் இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் கையைத் தொடுவதற்கு முன்னால், "பையில இருக்கிற எல்லா மாத்திரையையும் மேஜையில கொட்டுங்க" என்றார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பெயரைப் படித்தார். ஒன்றை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தார். "இதை நிறுத்திட்டு நாலு மாசம் பார்ப்போம். மத்த பேச்செல்லாம் அதுக்கப்புறம்."

ஐரோப்பிய மருந்து முகமை 2012-இலேயே சொல்லிவிட்டது: பார்க்கின்சன், கை நடுக்கம், கால் துடிப்பு இருப்பவர்களுக்கும், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் டிரைமெட்டாசிடின் கூடாது. இல்லாதவர்களுக்கும் இதனாலேயே அந்த அறிகுறிகள் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நான்கு மாதத்துக்குள் சரியாகும், அதற்கு மேலும் நீடித்தால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தலைசுற்றல், காதிரைச்சலுக்கு இதைக் கொடுத்துவந்ததையும் அப்போதே நிறுத்தச் சொன்னார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலும் இருக்கிறது. ஆயிரம் பெட்டியாவது என் கை வழியாகப் போயிருக்கும்.

நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. இருதய டாக்டரிடமும் சொல்லித்தான் நிறுத்தினோம்.

பிப்ரவரி 19

சிறுநீரகக் கணக்கைப் பலர் கேட்டதால்.

அம்மாவின் கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.4. லேப் தாளில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு 72 வயது, 48 கிலோ. 140-இலிருந்து வயதைக் கழித்தால் 68. அதை எடையால் பெருக்கினால் 3,264. கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கினால் 100.8. முன்னதைப் பின்னதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 27.5 வருகிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி சுத்தம் செய்கிறது என்பதன் கணக்கு இது. 30-க்குக் கீழே இந்த மருந்து கூடாது. 30-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் 35 மி.கி. காலையில் ஒரு வேளை மட்டும்.

2018-க்கும் போட்டுப் பார்த்தேன். அப்போது 66 வயது, 54 கிலோ, கிரியேட்டினின் 0.9. எல்லாம் நார்மல் என்று எழுதிய தாள். விடை 52. ஆக, முதல் நாளிலிருந்தே ஒரு வேளைதான் கொடுத்திருக்க வேண்டும். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியே போகிறது. போகாவிட்டால் தங்கும்.

மெலிந்த, வயதான பெண்களுக்குத் தசை குறைவு. தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். தாளில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

பிப்ரவரி 25

முதல் நாள் நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தால், மருந்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டியிருக்கிறேன் என்று படுகிறது. உயிரைக் காக்குமா என்று ஒருவர் நேராகக் கேட்டிருக்கிறார்.

அதைப் பார்க்கத்தான் ஏ.டி.பி.சி.ஐ. என்ற ஆய்வு நடந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி நன்றாக முடிந்த 6,007 பேர். பாதிப் பேருக்கு டிரைமெட்டாசிடின் 35 இரண்டு வேளை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஏறக்குறைய நான்கு வருடம் பார்த்தார்கள். 2020-இல் லான்செட்டில் வந்த முடிவு: இதய மரணம், மருத்துவமனை சேர்க்கை, நெஞ்சுவலி திரும்ப வருவது எல்லாம் சேர்த்து மருந்து சாப்பிட்டவர்களில் 23.3 சதவீதம், வெற்று மாத்திரையில் 23.7. வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வைத்துக் குழாய் திறந்திருக்கிறவர்களுக்கு அளந்து போடும் மாதமே இல்லையே, அவர்களுக்கு இது எதற்கு என்று ஒரு பதில் சொல்லலாம். நானும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கேள்வி கேட்டவரின் அப்பா மாதிரி, திறக்க முடியாத சின்னக் குழாயும் மற்ற மாத்திரைக்கு அடங்காத வலியும் இருப்பவர்களுக்கு வலி குறைய உதவும், நடக்கிற தூரம் கூடும். இதைப் போட்டால் ஆயுசு கூடும் என்று யாரும் சொல்லக் கூடாது.

இந்தத் துறையில் இதே ஏமாற்றம் முன்பும் நடந்தது. குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து மாரடைப்பு நோயாளிக்கு ஏற்றுவதை மெக்சிகோ மருத்துவர் சோடி-பயாரெஸ் 1962-இல் தொடங்கி வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி ஷிஃப்டில் சில தடவை கலந்திருக்கிறேன். பொட்டாசியம் ஆம்பூலை உடைத்து ஊற்றும்போது கை தானாக மெதுவாகும். பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பொட்டாசியம் அடியில் கெட்டியாக நின்று மொத்தமாக உள்ளே போய்விடும். அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தோம். 2005-இல் கிரியேட்-எக்லா ஆய்வு வந்தது. 20,201 நோயாளிகள், இந்தியர்களும் அதில் உண்டு. 30 நாளில் இறந்தவர்கள்: கலவை ஏற்றியவர்களில் 10 சதவீதம், ஏற்றாதவர்களில் 9.7.

அதன் பிறகும் ஒரு வெளிச்சம் இருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் அதே கலவையை ஆம்புலன்ஸிலேயே தொடங்கிப் பார்த்தார்கள். முதன்மைக் கேள்வியில் தோல்விதான். ஆனால் இதயம் நின்றுபோவது அல்லது மருத்துவமனையிலேயே இறப்பது என்ற கணக்கில் 8.7 சதவீதம் 4.4 ஆகக் குறைந்தது. எரிபொருளை மாற்றுவது சரியான யோசனை, நாம்தான் தசை செத்த பிறகு போய் நிற்கிறோம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

மார்ச் 10

நெஞ்சுவலிக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ரானோலசின் இதே வகையா என்று கேட்டவருக்கு: நான் படித்த பழைய பாடப்புத்தகத்தில் அதே வகை, கொழுப்பு எரிவதைத் தடுப்பது என்றுதான் இருந்தது. போன வாரம் ஒருவருக்கு அப்படியே சொல்லியும் விட்டேன், திருத்திக்கொள்கிறேன். நோயாளிக்குத் தரும் அளவில் அதன் முக்கிய வேலை, செல்லுக்குள் தாமதமாகக் கசியும் சோடியத்தை அடைப்பது. சோடியம் குறைந்தால் கால்சியம் குறையும், தசை தளரும். பிப்ரவரி 6-இல் எழுதிய அதே சங்கிலியை, வேறொரு கண்ணியில் பிடிக்கிறது.

டில்டியாசெம் என்ற பி.பி., நெஞ்சுவலி மாத்திரையும் கூடச் சாப்பிடுபவர்கள் ரானோலசின் 500 இரண்டு வேளைக்கு மேல் போகக் கூடாது. இ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளி நீளும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வரும்.

மார்ச் 17 – கேள்வி கேட்டவர்

அப்பாவின் கணக்கு 41 வந்தது. தாளைக் காட்டினோம். டாக்டர் இரவு மாத்திரையை நிறுத்தி, காலை மட்டும் என்று எழுதினார். மூன்று மாதத்தில் திரும்ப ரத்தப் பரிசோதனை. வலி கூடவில்லை. கையை நீட்டச் சொல்லி அதன் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார், ஆடவில்லை.

மே 12

நான்கு மாதம் முடிந்தது. பார்க்கின்சனுக்கு எழுதியிருந்த மாத்திரையையும் நரம்பியல் டாக்டர் மார்ச்சில் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டார். டம்ளர் தட்டுவதில்லை. வலது கை வீசி நடக்கிறார்கள். இடது சுண்டுவிரல் மட்டும் சாயங்காலம் களைத்திருக்கும்போது லேசாக ஆடுகிறது, அடுத்த மாதம் திரும்பக் காட்டப் போகிறோம்.

வலி திரும்பியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பு மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுவார்கள். இப்போது பன்னிரண்டாவது படியில் நெஞ்சு பிடிக்கிறது, நின்று ஏறுகிறார்கள். மெட்டோபிரோலாலை 25-இலிருந்து 50 ஆக்கியிருக்கிறார்கள். பூக்கூடையைப் படியிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து தொடுக்கிறார்கள். நேற்று மூன்று முழம். தூக்கிப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன், ஒரு மொட்டும் விழவில்லை.